என் ஏரிக்கு அவள் போகிறாள்

ஜூன் 11

அடுத்த வருடக் காலண்டர் வேலை அச்சகத்தில் தொடங்கிவிட்டது. மலை ஏரிப் படம் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. வருடா வருடம் அதே ஏரி, அதே சண்டை. மிஷின்காரர் நீல மையைக் கொட்டி வைத்திருந்தார்.

"இவ்ளோ நீலமாவா தண்ணி இருக்கும்?" என்றேன்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்றார்.

பார்த்ததில்லை. நிறம் சரிபார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நான் சொன்னால் நீலம் குறையும், கூடும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இத்தனை வருடமாக என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் சொல்லாத நாள் கிடையாது: ஒரு தடவையாவது அந்த ஏரிக்கு நடந்து போய்க் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று. இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்பார். மாமியார் "போயிட்டு வாயேன், யார் வேண்டாங்கறா" என்பார். அதோடு சரி.

ஜூன் 19

சின்னவள் போகிறாளாம்.

மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு இறங்கி வந்தாள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் எதையும் மெதுவாகச் சொன்னதில்லை. "அக்கா, நீங்க சொல்வீங்களே அந்த ஏரி! செப்டம்பர்ல ஒரு குழு போகுது. நான் பேர் குடுத்துட்டேன்!"

நீங்க சொல்வீங்களே. அப்படியானால் தெரிந்துதான் செய்திருக்கிறாள். "நீங்களும் வரீங்களாக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?

"நல்லது, போயிட்டு வா" என்றேன். முகம் எப்படி இருந்ததோ.

ஜூன் 20

வயிறு எரிகிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28

"நீயும்தான் போயேன்" என்று இவர் சொன்னார். சமையலறையிலிருந்து மாமியார், "எந்த முழங்காலை வெச்சுக்கிட்டு?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

சின்னவளிடம் சொன்னதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஐயோ அக்கா! நாம ரெண்டு பேரும் ஒரே கூடாரம்!" நடிப்பில்லை, உண்மையான சந்தோஷம். அதைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கும் கொஞ்சம் பொறாமை வந்தால்தான் என்னவாம்?

ஜூலை 24

அவள் விடிந்ததும் ஓடப் போகிறாள். நான் மத்தியான இடைவேளையில் முதுகில் ஒரு காகிதக் கட்டைக் கட்டிக்கொண்டு அச்சகத்துப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். "என்ன, பேப்பருக்குக் காத்து வாங்கிக் குடுக்கறீங்களா?" என்கிறார் மிஷின்காரர்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மாவிடம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க சின்னவ மலையேறப் போறா. கூட இவளும் போறா."

கூட. இவளும்.

செப்டம்பர் 4

மலையடிவாரம். கூடாரங்கள் போட்டாயிற்று. எங்களைக் கூட்டிப்போகிறவரை எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் யாரையும் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்கமாட்டார். ஒரே கூடாரத்தில் படுப்பவர்கள் ஒருவருக்காக இன்னொருவர் சொல்லவேண்டும். "ஏரியப் பாக்கற ஆசைல தன் தலைவலிய யாரும் ஒத்துக்கமாட்டாங்க. பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் உண்மை தெரியும்" என்றார். உயரத்தில் காற்று மெலிந்துவிடுமாம். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்று எது வந்தாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். வேறு மருந்து கிடையாதாம்.

ஆக, அவளுக்கு நான் சாட்சி. எனக்கு அவள். நல்ல ஏற்பாடு.

செப்டம்பர் 5

காலையில் கேப்டன் கேட்டார். "அக்கா அருமையா தூங்கினாங்க. குறட்டைல கூடாரமே ரெண்டடி நகர்ந்து போயிருக்கு" என்றாள் சின்னவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் முறை வந்தபோது "நல்லா இருக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? நன்றாகத்தான் இருந்தாள்.

நாள் முழுக்க அவள் முன்னால், நான் கடைசியில். கேப்டன் அவளோடுதான் பேசிக்கொண்டு போகிறார். நிற்கிற இடத்திலெல்லாம் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். பைன் மரங்கள் இருந்தனவாம், அருவி இருந்ததாம். எனக்கு அவளுடைய சிவப்புத் தொப்பிதான் தெரிந்தது.

செப்டம்பர் 6

மரங்கள் முடிந்துவிட்டன. இனி வெறும் கல். மூச்சு வாங்குகிறது, ஆனால் என் முழங்கால் தாங்குகிறது. மாமியார் பார்க்கவேண்டும்!

இன்று அவள் முன்னால் போகவில்லை. சிரிப்பு மட்டும் குறையவில்லை. சூப்பைக் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஊற்றினாள். ஓடையில் முகம் கழுவியபோது உதட்டுச் சாயம் போய்விட்டது. உண்மையான உதட்டைப் பார்த்தேன். நீலம் கலந்த சாம்பல். நகமும் அப்படியே. வாழ்நாள் முழுக்க நிறம் பார்க்கிறவள் நான், இதில் எனக்குத் தப்பு வராது. உடனே சாயத்தை எடுத்து அழுத்திப் பூசிக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"லேசா தலைவலிக்கா. கேப்டன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

செப்டம்பர் 7, காலை

கேப்டன் கேட்டார். "நல்லா இருக்கா" என்றேன்.

ஏன்? அந்த உதட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது "ஐயோ பாவம்" இல்லை. "இவ இறங்கிட்டா ஏரி எனக்கு மட்டும்" என்பதுதான். கவலை அதற்குப் பின்னால்தான் வந்தது. அப்படி இருக்கும்போது எந்த வாயால் போட்டுக்கொடுப்பேன்? நான் எதைச் சொன்னாலும் என் வயிற்றெரிச்சல்தான் பேசும். அதனால் மென்று முழுங்கினேன். நல்லவளாக இருக்கிறேனாம்!

செப்டம்பர் 7, சாயங்காலம்

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மத்தியானம் ஏற்றத்தில் அவள் ஷூ கயிறு அவிழ்ந்தது. கட்டுவதற்கு உட்கார்ந்தாள். கட்டவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன பொருள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னடி?" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றாள். எழுந்து நின்றபோது கால் பின்னியது.

கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. கேப்டன் ஓடிவந்தார். "காலைல நான் பொய் சொல்லிட்டேன். நேத்துலேர்ந்தே இவளுக்கு முடியல. உதட்டத் துடைச்சுப் பாருங்க" என்றேன். அவர் துடைத்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குழுவோடு வந்த சமையல்காரர் அவளைத் தாங்கிப் பிடித்து அப்போதே கீழே கூட்டிப்போக ஏற்பாடாயிற்று. போகும்போது அத்தனை பேர் முன்னிலையில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இதுக்குத்தானேக்கா காத்துக்கிட்டிருந்தீங்க?"

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. "நானும் இறங்கட்டுமா?" என்றேன். "நீங்க வரவே கூடாது" என்றாள். கேப்டன், "இறங்க இறங்கச் சரியாயிடும். சமையல்காரர் இதுமாதிரி நெறைய பேர இறக்கியிருக்கார். நீங்க வரதும் போறதும் உங்க இஷ்டம்" என்றார்.

நான் மேலே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8

ஏரியைப் பார்த்தேன்.

கடைசி ஏற்றத்தில் கையும் காலுமாகத் தவழ்ந்துதான் போனேன். பச்சை! நீலமே இல்லை. கரையோரம் கண்ணாடி, நடுவில் அடர்பச்சை, மேகம் போகிற இடத்தில் ஈயம். நானும் மிஷின்காரரும் இத்தனை வருடமாக இல்லாத நீலத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பானேன்? அவள் இல்லாதது நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு தண்ணீரில் வெயில் விழுந்து ஒரு மூலை பளீரென்று மாறியது. "இங்க பாருடி" என்று திரும்பினேன். யாரோ ஒரு மனிதர் பிஸ்கட் தின்றுகொண்டு நின்றார்.

செப்டம்பர் 10

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா. இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பேச்சு தெளிந்துவிட்டது என்றார் சமையல்காரர். "இன்னும் மேல போயிருந்தா தூக்கிக்கிட்டுத்தான் வந்திருக்கணும்" என்றார் நர்ஸம்மா. நான் உள்ளே நுழைந்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸிலும் வேறு இருக்கை.

செப்டம்பர் 14

வீட்டில் திருவிழாக் கூட்டம். எல்லாம் மாடியில். செத்துப் பிழைத்த கதையை அவள் சொல்ல, கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள, பக்கத்து வீட்டம்மா பழம் உரித்துக் கொடுக்கிறாள். என்னிடம் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: "அவள அப்படியே விட்டுட்டு மேல போயிட்டியாமே?"

ஏரியைப் பார்த்தவள் நான். ஊரே பார்க்க வருவது பார்க்காதவளை. மறுபடியும் வயிறு எரிகிறது. எனக்கே சிரிப்பு வருகிறது.

செப்டம்பர் 21

நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இறங்கி வந்தாள். உட்காரவில்லை. "உண்மையச் சொல்லுங்கக்கா. பொறாமைலதானே கேப்டன்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லாம இருந்தேன் பாரு, அதுதான் பொறாமைய மறைக்க. காலைலயே சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

"அப்ப பொறாமை இருந்துச்சு."

"இருந்துச்சா? உன்கூட அத்தன பேர் சிரிச்சுப் பேசினாங்களே, ஒருத்தராவது உன் உதட்டப் பாத்தாங்களா? கேப்டனே பாக்கல. நான் பாத்தேன். மலைக்கு வந்து மலையப் பாக்காம உன்னையே பாத்துக்கிட்டு வந்தேன் — வயித்தெரிச்சல்ல."

"அவ்ளோவாக்கா?"

"அவ்ளோ."

ஒரு சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். கோணலாக. பிறகு மேலே போய்விட்டாள்.

செப்டம்பர் 23

இன்று அவளாகவே கேட்டாள். "ஏரி போட்டோ இருக்கா?"

போனைக் கொடுத்தேன். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டாவதைச் சட்டென்று தள்ளினாள். மூன்றாவதில் நான் கரையில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். போனைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"நல்லா இருக்குக்கா. துணி காயப் போடணும், வரேன்" என்று விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நானும் மாடிக்குப் போனேன், துணி காயப் போட.