ஈஸ்வரம்மா வீட்டுக் கூரையில் நம் மீன்தொட்டித் தண்ணீர்

என் செல்லச் சண்டைக்காரி அத்தைக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். ஃபோர்மேன், டைம் ஆபீஸ், சின்ன பாபு மூவரும் உள்ளங்கை அளவுக்குக் கொழுத்துவிட்டார்கள். பெரிய பாபு மட்டும் மார்ச் மாதம் செத்துப்போனார். வயதாகிவிட்டது. சத்தியமாக என் தப்பு இல்லை.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உன்னை அலைக்கழித்தவர்களின் பதவிகளைத்தானே நீ மீன்களுக்குப் பெயராக வைத்தாய்? மாமா இறந்த பிறகு அவருக்குப் பதிலாக உனக்குக் கிடைத்த கலாசி வேலை, மெக்கானிக்குகளுக்கு எடுபிடி. பொம்பளைக்கு எதற்கு ஸ்பேனர் என்று சிரித்தவர்கள். "இவனுங்க தினம் ரெண்டு வேள என் கையப் பாத்து வாயத் தொறக்கணும் டீ" என்பாய். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். எனக்கும் அதே கோபம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பீரோவுக்கு ஆள் இருந்தது, மிக்ஸிக்கு ஆள் இருந்தது. நாலடித் தொட்டிக்கு மட்டும் யாரும் வரவில்லை. விற்றுவிடு என்றார் அப்பா. நான் மினி லாரி பிடித்து, மீன்களை இரண்டு பக்கெட்டில் போட்டு, உப்பலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் மாடி, வாடகை வீடு. கீழே தூண்கள் மட்டும் நிற்கிற கார் பார்க்கிங்.

இங்கே வந்து உனக்குப் பிடிக்காத காரியம் ஒன்றைச் செய்தேன். சம்ப் கட்டினேன். முன்பே ஒருமுறை சொன்னபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நக்கோ டீ, வேணாம். மேல ஒரு தொட்டி, கீழ ஒரு தொட்டியா? ஒண்ணு குடுக்கற தலவலி போதாதா? கைக்கு, எதுக்குங்கறேன்?" ஞாயிறுதோறும் டியூபும் பக்கெட்டுமாகத் தரையில் உட்கார்ந்து தண்ணீர் மாற்ற உனக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் இன்னொரு கண்ணாடித் தொட்டி, அதுதான் சம்ப். பெரிய தொட்டியின் பின்பக்கம் மேல்விளிம்பை ஒட்டி ஓட்டை போட்டுக் குழாய் இறக்கினேன். வழிகிற தண்ணீர் அதில் விழுந்து, ஸ்பாஞ்சு, பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றையும் கடந்து கடைசி அறைக்கு வரும். அங்கிருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். கண்ணாடியைக் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கி, சிலிக்கான் வைத்து நானே ஒட்டினேன். முதல் தடவை ஒரு மூலை ஒழுகியது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். மோட்டார் நிற்கும். ஓட்டை மட்டத்துக்கு மேலே இருக்கிற தண்ணீர் கீழே இறங்கும். மேலே தள்ளிய குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருப்பதால், அதுவும் தலைகீழாக உறிஞ்சிக் கீழே கொட்டும். இவ்வளவு தண்ணீருக்கும் சம்பில் காலி இடம் வேண்டும். சம்பில் பாதிக்குத் தண்ணீர் வைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மளமளவென்று ஏறி, விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடுகிறவள் நான். பாஸ் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டேன்.

ஏப்ரலில் சம்பில் தண்ணீர் வேகமாகக் குறைய ஆரம்பித்தது. ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் மோட்டார் அறை பாதாளத்துக்குப் போயிருக்கும். வெயில் குடிக்கிறது என்று நினைத்தேன். ஒரு பக்கெட் ஊற்றினேன். மறுநாளும் குறைந்திருந்தது. இரண்டு நாளுக்குத் தாங்கட்டும் என்று விளிம்பு வரை ஊற்ற ஆரம்பித்தேன்.

மே மாதம் அபார்ட்மெண்ட் குரூப்பில் செக்ரட்டரி ஒரு போட்டோ போட்டார். கீழே பார்க்கிங் மூலையில் உள்ள வாட்ச்மேன் ரூம். கூரை கறுத்து, சுவர் ஊறி, சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. வாட்ச்மேன் குடும்பம் ரூமுக்குள்ளேயே துணி துவைத்துப் பாழாக்கிவிட்டதாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். இனி ஏஜென்சி ஆள் வருவானாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேரை அடைத்துவிட்டுச் சுவருக்கு அழுகிறீர்களா, குழாயே இல்லாத அறையில் எங்கே துவைப்பார்கள், அவர்கள் மனிதர்களா இல்லை உங்கள் கார் கவரா என்று நீளமாக எழுதினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அத்தை. அந்தப் பெருமையை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை வாட்ச்மேன் யாதய்யாவின் மனைவி ஈஸ்வரம்மாவைப் படியில் பார்த்தேன். "கவலைப்படாதீங்க, நான் விட மாட்டேன்" என்று தெலுங்கில் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பர்வாலேது மேடம்" என்றாள். பரவாயில்லையாம். ஏழைகளின் கூச்சம் என்று நான் அதற்கும் ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை. பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. மோட்டார் சத்தம் நின்றது. அலமாரிக்குள் களகளவென்று ஏதோ கேட்டது. கதவைத் திறந்தால், சம்ப் நிறைந்து, விளிம்பைத் தாண்டி, சுவர் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தரையில் ஒரு சொம்பு அளவுகூட இல்லை. மீதி எங்கே போயிற்று? ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு குடியிருந்தவர்கள் வாஷிங் மெஷின் குழாய்க்காகத் தளத்தில் போட்ட ஓட்டை. அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

கீழே ஓடினேன். ஈஸ்வரம்மா அதற்குள் கட்டிலை மறு சுவருக்கு இழுத்துவிட்டிருந்தாள். அரிசி மூட்டை செங்கல் மேல் ஏறியிருந்தது. கூரையில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் கீழே ஒரு அலுமினிய அண்டா. தண்ணீர் அப்போதுதான் சொட்டவே ஆரம்பித்திருந்தது.

"தண்ணி வரப்போவுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கரெண்ட் போயிந்தி கதா மேடம்" என்றாள். கரண்ட் போனால் தண்ணீர் வரும். இரண்டு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பகலில் கரண்ட் போகும்போதெல்லாம் தொட்டி அவள் தலையில் வழிந்திருக்கிறது. மாலையில் வந்து நான் மறுபடி விளிம்பு வரை நிரப்பி, அடுத்த கரண்ட் கட்டுக்குத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பு இருந்த வாட்ச்மேன், மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது என்று சொன்னானாம். ஒரு மாதத்தில் அவனை அனுப்பிவிட்டார்களாம். "நீங்க எங்களுக்காகச் சண்டை போட்டீங்கன்னு எங்க ஆளு சொன்னாரு. உங்ககிட்டப் போயி, உங்க தண்ணிதான்னு எப்படிச் சொல்றது?" என்றாள். சொட்டுக்கு ஒரு முழம் தள்ளி அவர்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அசோசியேஷன் பொருளாளர் நம் ஊர்க்காரர்தான், கோயம்புத்தூர். அவரிடம் போய்ச் சொன்னேன். "அட, வாட்ச்மேன் ரூம்தானுங்களா? நான் யாரோட ஃப்ளாட்டோன்னு பயந்துட்டேன்" என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "ஏனுங்க வம்பு? அவிங்க எப்படியும் போகப்போறாங்க. நீங்களும் வாடகைக்குத்தான இருக்கறீங்க? ஓனர் காதுக்குப் போச்சுன்னா உங்களையும் சேத்துக் காலி பண்ணச் சொல்லிருவாருங்க." கெட்டவர் இல்லை. எனக்குக் காபி கொடுத்தார்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன், அத்தை. உடனே எழுதவில்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் வீடு தேடுவது எப்படி என்று உனக்குத் தெரியும். கல்யாணம் ஆச்சா, என்ன சாதி, அசைவமா என்று கேட்பார்கள். அடுத்தவர் மேல் கோபப்பட்டு இருபது வரி எழுத எனக்கு ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. என் தண்ணீர் என்று இரண்டு வரி எழுத ஒரு நாள் ஆயிற்று. நீயாக இருந்தால் உடனே எழுதியிருப்பாயா? இல்லை, உனக்கும் ஒரு நாள் ஆகியிருக்குமா? உன் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். வழிந்தால் வாசலைத் தாண்டிச் சாக்கடைக்குப் போகும். உனக்குக் கீழே யாருமே இல்லையே.

எழுதினேன். அதே குரூப்பில், தளத்து ஓட்டையின் போட்டோவும் சேர்த்து. காலி செய்யும் நோட்டீஸ் நின்றது. ஏஜென்சிப் பேச்சும் நின்றது. செக்ரட்டரி அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று யாதய்யாவைத்தான் திட்டினார். வீட்டு ஓனர் என்னிடம் சொன்னது: ஒழுகாது என்று நிரூபி, இல்லை தொட்டியை எடு.

ஓட்டையை அடைத்தேன். சொட்டிய கூரையைப் பூச ஆள் கூட்டிவந்தேன், ஸ்விட்ச் போர்டை எதிர்ச்சுவருக்கு மாற்ற வைத்தேன். மேலே தள்ளும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு அருகே தூக்கி, மட்டத்தை ஒட்டிக் கீழே சின்னத் துளை போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று நுழையும், உறிஞ்சுவது அறுந்துவிடும். சம்பின் விளிம்புக்குக் கீழே இன்னொரு குழாய் வைத்து பால்கனி வடிகாலில் விட்டேன். மற்ற எல்லாம் தவறினாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

சோதனைக்கு ஈஸ்வரம்மாவை மேலே கூப்பிட்டேன். அவள் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கீழே யாதய்யா டார்ச்சோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிளக்கை நான் பிடுங்கப் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டுத் தானே பிடுங்கினாள். தண்ணீர் ஏறியது, நின்றது. "ராலே!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. வரவில்லையாம். நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "இங்கோசாரி" என்றாள். இன்னொரு தடவை. மறுபடியும் வரவில்லை. அப்போது சம்பின் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினாள். "நீங்க தினம் எது வரைக்கும் ஊத்துவீங்க? அது வரைக்கும் ஊத்துங்க" என்றாள்.

இதை யோசிக்க வேண்டியவள் நான். சோதிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விளிம்பு வரை ஊற்றப் பார்த்தேன்; புதுக் குழாயின் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். சம்ப் ததும்பியது, அந்த மூன்றாவது குழாய் வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டது, பால்கனியில் கொட்டியது. கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் யாதய்யாவே படியேறி வந்து, கதவருகில் நின்று, கூரையைத் தடவிப் பார்த்த, காய்ந்த உள்ளங்கையை அவளிடம் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். என்னை மன்னித்துவிட்டார்களா என்று கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்லுவார்கள்.

மீன்கள் என்னோடுதான் இருக்கும். ஆனால் இனி எந்த வீட்டுக்குக் குடிபோனாலும், தொட்டியை லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் எனக்குக் கீழே இருக்கிற கதவைத் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள், கட்டிலை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மாடியேறுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன்னைப் போலவே வாய் நீளமான உன் அண்ணன் மகள்,
கலைச்செல்வி