கீழ்நோக்கிய விளக்குகள்

ஹீன்கந்தை
11.02.1979

அன்புள்ள வாஹித் நானாவுக்கு,

தங்கை ஸவாஹிரா ஸலாம் கூறி எழுதுவது. நீங்களும் மச்சியும் பிள்ளைகளும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் வந்தால்தானே தெரிந்துகொள்ள! என் கணவரின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்துவிட்டுப் பதுளை பஸ் ஏறியவர்தான், பிறகு ஒரு வரி இல்லை.

அவர் மௌத்தாகி இன்றோடு இருபத்திரண்டு நாள். இத்தா இருப்பது எனக்குப் பாரமாக இல்லை. நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சேலையோடு, பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். பதினேழு வருஷம் என்னைக் கண்ணுக்குள் வைத்திருந்த மனிதருக்கு இதுகூடச் செய்யமாட்டேனா? துணைக்குப் பாக்கியலெட்சுமி வந்து படுக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து பெயர் வெட்டிவிட்டார்கள் என்று போன வருஷம் நம் வீட்டு வேலைக்கு வந்தாளே, அவள்தான். இந்தக் கடிதத்தையும் அவள்தான் தபாலில் போடுவாள்.

சிக்கல் வேறு. நம் வீட்டில் மலைத்தண்ணீர் விழும் பீலியும் கக்கூசும் பின்முற்றத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முற்றத்துக்கு மேலே, மேல்வீதி ஓரத்தில், முன்பு கொய்யா மரங்கள் நின்றன. அதையெல்லாம் வெட்டிவிட்டு றஹீம் ஹாஜியார் உருளைக்கிழங்குக் கடையும் களஞ்சியமுமாக மூன்று மாடி எழுப்புகிறார். பகலெல்லாம் அங்கே கொத்தனார்கள் நிற்கிறார்கள். அதனால் நான் முற்றத்தில் இறங்குவது மஃரிபு நேரம் இருட்டிய பிறகும், விடியுமுன் ஸுபஹுத் தொழுகைக்கும்தான். இருட்டை நம்பித்தான் என் காரியமெல்லாம் நடக்கிறது.

போன கிழமை அங்கே கம்பம் நட்டு ஒரு மெர்க்குரி லைட் போட்டார்கள். மூடியில்லாத விளக்கு, மலைக்கும் வானத்துக்கும் சேர்த்து அடிக்கிறது. என் முற்றத்திலும் பாதி வெளிச்சமாகிவிட்டது. பட்டின சபைகளின் கட்டட வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் நீங்கள். ஹாஜியாரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

உங்கள் தங்கை,
ஸவாஹிரா


பதுளை
24.02.1979

அன்புத் தங்கை ஸவாஹிராவுக்கு,

நானாவின் ஸலாம். எழுதாமல் இருந்தது என் பிழைதான், கோபிக்காதே. வேலை என்னைப் பிழிந்தெடுக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஹாஜியாரிடம் ஒரு வார்த்தை சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் அது உனக்கு மட்டும்தான் உதவும், நாளைக்கு இன்னொருவர் இதையே செய்வார். இப்போது எங்கே பார்த்தாலும் புதுக்கடை எழும்புகிறது, கடைக்குக் கடை விளக்குப் போட்டி. ஆகவே இதை விதியாகவே கொண்டுவரப் பார்க்கிறேன். கொழும்பில் பயிற்சிக்குப் போனபோது இதைப் பற்றி ஒரு புத்தகம் தந்தார்கள். அதிலிருந்து மூன்று நிபந்தனை எடுத்தேன். புதிய கட்டடங்களின் வெளிவிளக்குகளுக்கு மூடி இருக்க வேண்டும். வெளிச்சம் மேலேயோ பக்கவாட்டிலோ போகாமல் கீழ்நோக்கி விழ வேண்டும். வரைபடத்தில் காட்டிய எல்லையைத் தாண்டக்கூடாது. இதைச் செய்யாத கட்டடத்துக்கு, வேலை முடிந்ததற்கான சான்றிதழ் கிடையாது.

முதலில் உன் ஊர்ச் சபையில்தான் நிறைவேறப்போகிறது. ஹாஜியாரின் கட்டடம்தான் முதல் கட்டடம். தங்கைக்காக ஒருவன் சட்டமே எழுதியிருக்கிறான் என்று நீ பெருமையடிக்கலாம். வானம் இருட்டாகத் தெரிவதால் பிறை பார்க்கிறவர்கள்கூட எனக்குத் துஆச் செய்வார்கள்!

அன்புடன்,
நானா வாஹித்


ஹீன்கந்தை
25.03.1979

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். உங்கள் விதி நிறைவேறியது என்று கேள்விப்பட்டு மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன். நீங்கள் சொன்னபடியே பெருமையும் அடித்தேன், அடித்தது பாக்கியலெட்சுமியிடம்தான்.

நாலாம் நாள் விளக்குகள் வந்தன. கட்டடத்தின் பின்சுவரில் வரிசையாக நாலு. நாலுக்கும் தகரத் தொப்பி. நாலும் கீழ்நோக்கி. அந்தக் கட்டடத்துக்குக் கீழே யார் இருக்கிறது, நானா? நான்தானே! கொழும்பில் கீழே என்றால் தரையாக இருக்கலாம், இங்கே கீழே என்றால் அடுத்தவர் வீடு. முன்பு மலைக்கும் வானத்துக்கும் சிதறிப்போன வெளிச்சத்தை உங்கள் தொப்பி மொத்தமாகப் பிடித்து என் முற்றத்தில் கொட்டுகிறது. குண்டூசி விழுந்தாலும் எடுக்கலாம்.

கட்டடம் திறக்குமுன்பே களஞ்சியத்தில் மூட்டை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள், மஃரிபுக்கே லொறிகள் வந்துவிடுகின்றன. மூட்டை ஏற்றுகிறவர்கள் பின்பக்க மாடத்தில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். விளக்கு விடியும்வரை எரிகிறது. இத்தா வீட்டுக்குள் தடையில்லாமல் வரக்கூடிய ஆண்பிள்ளை எனக்கு நீங்கள் ஒருவர்தான். ஒரு நாள் மாலை வந்து, இந்த முற்றத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பிறகு நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

உங்கள் தங்கை,
ஸவாஹிரா


பதுளை
17.04.1979

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். வர நினைத்தும் வர முடியவில்லை. விதிக்கு இன்னும் மூன்று சபைகள் பிரதி கேட்டிருக்கின்றன. எங்கள் கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "வாஹித், இதுதான் வேலை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜூன் கடைசியில் பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை இருக்கிறது. பதினான்கு வருஷம் இதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் ஹாஜியாரின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கடுதாசியில் வெளிச்சம் அவருடைய எல்லைக்குள்தான் விழுகிறது, மூன்று அடி மிச்சம் கூட இருக்கிறது. உன் முற்றம் இருபது அடி பள்ளத்தில் இருப்பது கடுதாசியில் தெரியாது. நான் கவனித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது போய் விதியை மாற்றினால், மேடு பள்ளம் பாராமல் எழுதினான் என்று நாலு பேர் சிரிப்பார்கள், நேர்முகமும் போய்விடும். ஜூன் கழியட்டும், நானே திருத்துகிறேன். உன் இத்தாவுக்கும் இன்னும் ஆறு கிழமைதானே?

அதுவரை முற்றத்துக்குப் போகும்போது குடை பிடித்துக்கொண்டு போ. நல்ல அகலமான கறுப்புக் குடை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நானா வாஹித்


ஹீன்கந்தை
29.04.1979

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். குடை கிடைத்தது. நல்ல குடை. மழையில்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போகிற பெண்பிள்ளை இந்த ஊவா மாகாணம் முழுவதும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேலே இருக்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. குடை விரிந்ததும் ஒருவன் விசிலடிக்கிறான், இன்னொருவன் "மழை வருதுடோய்!" என்று கத்துகிறான். முன்பு என்னைப் பார்க்காதவர்களும் இப்போது குடைக்காகப் பார்க்கிறார்கள்.

பாக்கியலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. நேற்று முற்றத்தில் நின்று மேலே பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு வந்து, "ஏங்கம்மா, தோட்டத்துல தொரை பங்களா வெளிச்சம்கூட எங்க லயத்து வாசலுக்கு வந்ததில்லங்க. ஒங்க அண்ணன் எழுதுன சட்டமாம்ல? அவர ஒரு தடவ வந்து இங்கன நிக்கச் சொல்லுங்க" என்றாள். நானாவுக்கு வேலை அதிகம் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். குடித்தால் முற்றத்துக்குப் போக வேண்டுமே. ஒரு கிழமையாக அடிவயிற்றில் எரிச்சல், மாலையானால் காய்ச்சல். பாக்கியலெட்சுமி பார்லி காய்ச்சி வைத்துக்கொண்டு குடிக்கச் சொல்லிச் சண்டை போடுகிறாள். இதையெல்லாம் ஆண்பிள்ளைக்கு எழுதக்கூடாதுதான். உம்மா இருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை கட்டடத் திறப்பு விழாவாம், உங்களுக்கும் அழைப்பாம். விருந்துக்குப் போகுமுன் என் வீட்டுக்கு வாருங்கள். நானும் உங்களிடம் இனிமேல் கெஞ்சமாட்டேன், இந்த ஒரு தடவைதான். இடியப்பம் அவித்து வைத்திருப்பேன்.

ஸவாஹிரா


பதுளை
09.05.1979

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். ஐந்து நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பஸ் தாமதம். நேரே விழாவுக்குத்தான் போக முடிந்தது. சாப்பாட்டுக்கு முன் ஹாஜியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "விளக்கப் பத்தி எல்லாருக்கும் நீங்களே வெளங்கப்படுத்துங்க" என்று பின்பக்க மாடத்துக்குக் கூட்டிப்போனார். சபைத் தலைவரும் வெளியூர் வியாபாரிகளுமாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். "பாருங்கள், வானத்துக்கு ஒரு துளி போவதில்லை, எல்லாம் கீழேதான்" என்று கையை நீட்டினேன். எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

நீ பீலியடியில் நின்றாய். குடை இல்லை. முக்காடும் நழுவியிருந்தது. தலைவர், "யார் அது?" என்றார். "யாரோ வேலைக்காரி" என்று சொல்லிவிட்டேன்.

உன் மானத்துக்காகத்தான் சொன்னேன், ஸவாஹிரா. இத்தாவில் இருக்கும் என் தங்கை என்று எப்படிச் சொல்வேன்? அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி இறங்க எனக்குக் கால் வரவில்லை. ஹாஜியாரின் லொறியில் ஏறிப் பதுளைக்கு வந்துவிட்டேன்.

சபையில் முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து நிரப்பிக் கொடுத்தால் விதியைத் திருத்தியாக வேண்டும். இதை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. ஆனால் நேர்முகம் முடியும்வரை அதைத் தொடாதே. நானாவுக்காக இதை மட்டும் செய். இத்தா முடிந்ததும் வந்து உன்னைப் பதுளைக்குக் கூட்டிவருகிறேன். மச்சி உனக்கு நிறச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

நானா வாஹித்


ஹீன்கந்தை
01.06.1979

வாஹித் நானாவுக்கு,

ஸலாம். இத்தா திங்கட்கிழமை முடிந்தது. ஞாயிறு வருவதாக நீங்கள் அடித்த தந்தி கிடைத்தது. வரவேண்டாம்.

அன்று நடந்ததைப் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள், மீதியை நான் எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் ஏறிக் குமட்டியது. குடையைத் தேட நேரமில்லாமல் பீலியடிக்கு ஓடினேன். அப்போது மேலே உங்கள் குரல் கேட்டது. நானா வந்துவிட்டார் என்று சந்தோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன். முக்காடு அப்படித்தான் நழுவியது. பதினைந்து முகங்களுக்கு நடுவில் உங்கள் முகத்தையும் கண்டேன். நீங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது. இருபது அடிதானே!

என் மானத்துக்காகச் சொன்னேன் என்கிறீர்கள். இந்த வீட்டில் உண்மையான வேலைக்காரி பாக்கியலெட்சுமிதான். அன்று அவள் சமையலறையிலிருந்து ஓடிவந்து, தன் சேலையை அவிழ்த்து என் தலையில் போட்டு மூடி, பாவாடையும் சட்டையுமாக அத்தனை பேர் முன்னால் நின்றாள். அதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், அதற்குள் சாப்பாட்டுக்குப் போயிருப்பீர்கள். அவித்த இடியப்பத்தை மறுநாள் காகத்துக்குப் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். எனக்கு இனி அந்த விளக்கால் ஒன்றுமில்லை. மழை வருமுன் முற்றத்துக்குக் கூரை போட்டுக்கொள்வேன். ஆனால் மேல்வீதியில் இன்னும் நாலு கட்டடம் எழும்புகிறது, நாலுக்கும் கீழே வீடுகள் இருக்கின்றன. மேடு பள்ளம் பார்த்து விதியை எழுதச் சொல்லி முறைப்பாடு கொடுத்தேன். உங்கள் நேர்முகம் எனக்கு மறக்கவில்லை. மறக்காமல்தான் கொடுத்தேன்.

படிவத்தில் பெயர், விலாசம், நேர்ந்த பாதிப்பு எல்லாம் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: விதியை வகுத்த உத்தியோகத்தருக்கு முறைப்பாட்டாளர் உறவினரா? படிவம் தந்த கிளாக்கருக்கு நாம் கூடப்பிறந்தவர்கள் என்று தெரியும். நான் எழுதும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
ஸவாஹிரா அலவி