சாணைக்கல் வெடித்த செவ்வாய்க்கிழமை

கமாஹுவானி,
1993 செப்டம்பர் 18, சனிக்கிழமை.

அன்பு மகள் நெரெய்தாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதித்தான் எல்லாக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பயப்படாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா முழுசாக இருக்கிறாள், இதோ அடுப்படியில் உட்கார்ந்து கறுப்பு பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். இடது புருவத்தில் மூன்று தையல், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதுகிறேனே தவிர, என் உடம்பு அதை இன்னும் நம்பவில்லை. நாற்பது வருஷம் ஊரார் கழுத்தில் கத்தி வைத்துச் சவரம் செய்தவன் நான், ஒருவரையும் கீறியது கிடையாது, இப்போது எழுத்து எப்படிக் கோணிக்கொண்டு போகிறது பார்.

அம்மாவின் சாணை மெஷினை நீ பார்த்ததில்லை, நீ கல்யாணமாகிக் கடல் தாண்டி மெரிதாவுக்குப் போன பிறகு வந்தது. சர்க்கரை ஆலையின் கருவி அறையில் இருபத்தாறு வருஷம் சாணை பிடித்தவள், ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து மூன்று மாதம்கூடச் சும்மா உட்காரவில்லை. நம் ரஷ்ய வாஷிங் மெஷினின் தொட்டி ஓட்டையாகிப் போனதும் அதன் மோட்டாரைக் கழற்றிப் பின்பக்க நடையில் ஒரு பலகையில் பூட்டி, ஆறு அங்குலச் சாணைக்கல்லை மாட்டினாள். துளை போடும் புது ட்ரில் பிட்டைக் கண்ணால் பார்த்து எல்லோருக்கும் இரண்டு வருஷம் ஆகிறது, ஆனால் மழுங்கின பிட் இல்லாத வீடு இந்தத் தெருவில் கிடையாது, ஆளாளுக்கு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒருவர் முட்டை வைத்துவிட்டுப் போவார், ஒருவர் மெழுகுவர்த்தி. பழைய கட்டில் சட்டத்து இரும்பை வெட்டி, பிட்டைச் சாய்வு மாறாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஜிக்கும் செய்துகொண்டாள். பிட்டை அதன் பள்ளத்தில் படுக்க வைத்து, பின்னால் இருக்கும் திருகால் நீளத்தை நிறுத்தி, ஜிக்கை அதன் ஆணியின்மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாக ஆட்டினால் பிட்டின் நுனி கல்லில் உரசிக்கொண்டு போகும், பிறகு பிட்டை அரைச் சுற்று திருப்பி மறு பக்கத்துக்கும் அதே ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, ஒரே நீளம். பக்கத்து வீட்டு ஒனெலியோ, சைக்கிள் ரிப்பேர் செய்கிறானே அவன், கையாலேயே தீட்டிக் காட்டுகிறேன் என்று ஒருநாள் வீறாப்பாக நின்றான். அவன் தீட்டினதைப் போட்டு இரும்பைத் துளைத்தால் ஒரு பக்கம் மட்டும் தூள் தூளாகக் கொட்டுகிறது, ஓட்டை கோழி முட்டை மாதிரி வருகிறது. அம்மா விட்டாளா, உன் பிட்டு ஓட்டை போடாதுடா, இருக்கிற இரும்பையும் கெடுக்கும், ஓடிப் போய் பஞ்சர் ஒட்டு என்றாள். அவள் தீட்டின பிட்டைப் போட்டால் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு சுருள் ஒரே நீளத்தில் ஜோடியாக எழும்பி வரும், அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உன் முதல் பரிசைப் பள்ளியிலிருந்து நீ கொண்டுவந்தபோதுகூட அவ்வளவு சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் இரண்டு மணிவாக்கில் கரண்ட் போனது. ஒனெலியோவின் அரை அங்குல பிட் ஒன்று அப்போது ஜிக்கில் இருந்தது. அம்மா அதை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்கு மரவள்ளிக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். நாலு மணிக்கு நடையில் நல்ல வெளிச்சம், கரண்ட் வருகிற வழியாக இல்லை, சும்மா இருக்கிற நேரத்தில் ஜிக்கைச் சரிசெய்துவிடலாம் என்று திரும்பி வந்திருக்கிறாள். கல் தேயத் தேய ஜிக்கைக் கல்லுக்குப் பக்கத்தில் தள்ளி வைக்க வேண்டும். நட்டைக் கழற்றி, ஜிக்கைத் தள்ளி, அளவு பார்க்க அந்தத் தடிமனான பிட்டையும் படுக்க வைத்திருக்கிறாள். அப்போது நட்டு கை நழுவிக் கீழே விழுந்து பலகைக்கு அடியில் உருண்டுவிட்டது. அதை எடுக்கக் குனிந்தாள். மகளே, குனிந்தாள், அதுதான், அந்த நட்டு விழாமல் இருந்திருந்தால் நான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், வேறு ஒன்றை எழுதியிருப்பேன்.

கரண்ட் வந்துடுச்சு, வந்துடுச்சு என்று தெருவே கத்தியது. நான் வாசலில் இருந்தேன். பின்னாலிருந்து ஒரு உறுமல், அரை நொடிகூட இருக்காது, அதற்குள் ஒரு வெடி. கேஸ் சிலிண்டர்தான் என்று நினைத்தேன். ஓடினால் நடை முழுக்கப் புழுதி, கருகின வாசனை, அம்மா மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள், தலை நரைத்தது போதாதென்று மாவு கொட்டின மாதிரி வெள்ளை, புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, கையில் அந்த நட்டு. இறுக்காமல் கிடந்த ஜிக்கைச் சுற்றுகிற கல் உள்ளே இழுத்துச் சிக்க வைத்து நாலு துண்டாகச் சிதறியிருக்கிறது. ஒரு துண்டு ஜன்னலின் இரண்டு மரப் பட்டையை முறித்துக்கொண்டு வெளியே போய்விட்டது, அது போன உயரத்தில்தான் இவள் தலை இருந்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒனெலியோ அலறுகிறான், மிக்தாலியாக்கா, என்னாச்சுக்கா, எம் பன்னித் தொட்டிக்குள்ள கல்லு வந்து விழுந்திருக்கு, பன்னி நடுங்குது! தையல் போட்ட டாக்டர் பெண் உன்னைவிடச் சின்னவள், ஒரு நூல் கீழ வந்திருந்தா கண்ணு போயிருக்கும்மா, எந்தச் சாமியக் கும்பிடுறீங்க என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். நான் சுவிட்ச அணைச்சுட்டுத்தானே போனேன் என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஒனெலியோதான் முந்திக்கொண்டு, மறந்திருப்பீங்கக்கா, வயசாச்சுல்ல, யாருக்கும் வர்றதுதான் என்று ஆறுதல் சொன்னான், அவனுக்கு வேறு நல்ல வார்த்தை தெரியாது. அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவள் மனசு எங்கே போனது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன் பெரியம்மா எலோய்சாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வீட்டுக்கு வரும் வழி, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யாரப்பா நீங்க என்று கேட்டாள். அப்போது அவளுக்கு அறுபத்து மூன்று. அம்மாவுக்கு இப்போது அறுபத்து மூன்று.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்தால் உனக்குத் தாங்காது. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறாள். அடுப்பைப் பார்க்க மூன்று தடவை எழுந்து போகிறாள். நேத்து என்ன சாப்பிட்டோம், சொல்லாத, நானே சொல்றேன் என்கிறாள். பீன்ஸ் பொறுக்கும்போது உதடு அசைகிறது, ஜெபம் என்று நினைத்தேன், கிட்டே போய்க் கேட்டால் கால் அங்குலம், பதினாறில் ஐந்து, எட்டில் மூன்று என்று பிட் அளவுகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மோட்டாரையும் ஜிக்கையும் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி ஒனெலியோவிடம் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும்விடப் பெரிய இடி நேற்று விழுந்தது. உன் பிரசவத்துக்கு நாட்டை விட்டு வர எத்தனை மாதம் ஆபீஸ் ஆபீஸாக நடந்து வாங்கின அனுமதி அது, பெட்டிகூட எடுத்து வைத்தாயிற்று. அந்தப் பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி அடுக்கினாள். ஏண்டி என்றேன். நான் போகல, கிழவா, சுவிட்ச மறக்கிற கையில பச்சப் புள்ளையக் குடுக்கச் சொல்றியா, குளிப்பாட்டுற தண்ணியில விட்டுட்டு வேற வேலையப் பாக்கப் போயிட்டா என்ன பண்றது, நீயே அவளுக்கு எழுதிரு, என்னால எழுத முடியாது என்றாள். இந்தக் கடிதம் அதற்காகத்தான். அம்மா வரவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறாள்.

இதுவரை அவள் சொல்லச் சொன்னது. இனிமேல் நான் சொல்வது. நெரெய்தா, சுவிட்சைப் போட்டது நான்.

திகைக்காதே, படி. கரண்ட் வந்தால் தண்ணீரும் கூடவே வரும், பத்து நிமிஷத்துக்குள் பம்பைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பாவிட்டால் மறுநாள் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது, அது என் வேலை. அடுப்படி பல்பைப் போட்டபடி வைத்திருப்போம், அது எரிந்தால் ஓடுவேன். அந்த பல்பு இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது, வேறு பல்பு எங்கே கிடைக்கும். ரேடியோ செத்து மூன்று மாதம். தெருக் கூச்சலை நம்பலாம் என்றால் எதிர் வரிசைக்கு வேறு லைன், போன வாரம் அவர்கள் கத்தினதைக் கேட்டு நான் ஓடிப் போய்ச் செத்த பம்பின் முன்னால் நின்றதைப் பார்த்து, எரிபெர்த்தோண்ணே, காத்துல தண்ணி எடுக்குறீங்களா என்று டோமினோ மேஜையில் மூன்று நாள் ஓட்டினார்கள். அந்த ரோஷம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நடைப்பக்கம் போனேன், மெஷின் கண்ணில் பட்டது. இதைவிடச் சத்தமான மணி எங்கே இருக்கிறது, வாசலில் உட்கார்ந்தாலும் காதில் விழுமே என்று நினைத்து சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அம்மா அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். ஒழுங்காக அணைத்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சவரக்காரன் கத்தியோட நிக்கணும், எம் மெஷினத் தொட்டே கைய ஒடிப்பேன் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். ரத்தத்தைப் பார்த்ததும் துணி தேடத்தான் ஓடினேன். அப்புறம் டாக்டர், கூட்டம், ஒனெலியோவின் ஆறுதல். அவள் தலையை ஆட்டினாளே, அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும், தவறவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. இப்படி ஒரு கோழை என்று என்னை நானே அறிந்திருக்கவில்லை, கல் வெடித்ததைவிட அதுதான் என்னை உலுக்குகிறது. அவள் முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் நீ விடுதியில் படித்த நாளிலிருந்து என் கடிதம் எதுவும் அவள் முழுசாகப் படித்து, கீழே இரண்டு வரி எழுதி, தானே உறையை ஒட்டாமல் இந்த வீட்டை விட்டுப் போனதில்லை. இதையும் படிப்பாள். மேஜைமேல் வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுவேன். மிக்தாலியா, இந்த இடத்துக்கு நீ வந்திருந்தால், உனக்கு ஒன்றும் இல்லை. மறதி இல்லை, எலோய்சாவுக்கு வந்தது உனக்கு வரவில்லை. உனக்கு வாய்த்தது ஒரு முட்டாள் புருஷன், அதற்கு மருந்து கிடையாது.

மகளே, கனமான வாளி தூக்காதே, கால் வீங்கினால் உடனே டாக்டரைப் பார், மாப்பிள்ளையை அதிகம் விரட்டாதே. உங்கள் ஊரில் கரண்ட் போகாது என்று எழுதினாய், போனால் எல்லா சுவிட்சையும் அணைத்து வை, எதையும் மணியாக வைக்காதே. உனக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் கடவுள் நல்ல உடம்பையும், என்னுடையதைவிட நல்ல வாயையும் கொடுக்கட்டும். பதில் எழுது, திட்டி எழுதினாலும் சரி.

உன் அப்பா,
எரிபெர்த்தோ

நெரெய்தா, படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அந்த மனுஷன் வாசலில் நிற்கிறார், உள்ளே வரப் பயம், நிற்கட்டும், காப்பி ஆறட்டும். ஒனெலியோவிடம் நாளைக்கு வராதே என்று சுவருக்கு மேலேயே சொல்லிவிட்டேன். பெட்டியைத் திரும்ப இறக்கியாயிற்று. நவம்பர் இருபதாம் தேதி வருகிறேன். ஆறு அங்குலச் சாணைக்கல் ஒன்று வாங்கி வை. தொட்டிலுக்கு மாப்பிள்ளை துளை போடுகிறேன் என்றாரே, மழுங்கின பிட்டை வைத்து மரத்தைக் கிழித்துவிடப் போகிறார், நான் வரும் வரைக்கும் பொறுக்கச் சொல். இன்றைக்குத்தான் தூங்குவேன். சுவிட்சை நான் அணைத்துவிட்டுத்தான் போனேன்.

அம்மா