உன் எடத்துல உக்கார வச்சிட்டாங்கம்மா

இல்லம்மா, இன்னும் விட்டுட்டு ஓடல. நீ மொதல்ல அதத்தான் கேப்பேன்னு தெரியும். பள்ளிக்கூடத்த அஞ்சாம் பாரத்துல விட்டேன். ஓட்டல் கோர்ஸ மூணு மாசத்துல விட்டேன். சினாவாங் ஃபேக்டரிய மொத சம்பளம் வாங்குன மறுநாளே விட்டேன். உன்னோட ஞானஸ்நான கிளாஸ மட்டும் விடாம போய்க்கிட்டு இருக்கேன். விட முடியல, அதான் வெவகாரம். என் தங்கமே, நல்லா மாட்டி விட்டுட்டுப் போயிட்ட.

வர்ற ஞாயித்துக்கெழம பிஷப்பு முன்னாடி போயி நிக்கணுமாம். அங்க ஒரு பெரிய பொஸ்தகத்துல என் பேர நானே எழுதணும். எழுதிட்டா ஈஸ்டருக்கு மொத நாளு தலையில தண்ணி ஊத்திருவாங்க. அப்புறம் நான் வேதக்காரன். எழுதுறேன்னு சொல்லணும், இல்ல மாட்டேன்னு சொல்லணும். ரெண்டுமே வாயில வர மாட்டேங்குது.

உனக்குத் தெரிஞ்ச கததான். இருந்தாலும் மொதல்லேர்ந்து சொல்றேன். என்னைக்காவது இத நாலு பேரு படிச்சா அவங்களுக்கும் வெளங்கட்டும்.

நீ பாரோய்ல கேண்டீன்ல சமைக்கிறப்ப, வேல முடிஞ்சி பக்கத்துல இருக்குற மாதா கோயில்ல போயி உக்காருவ. "அங்க யாரும் என்னைய ஒண்ணும் கேக்கலடா, அதான் புடிச்சிருக்கு"ன்ன. அப்புறம் ஞாயித்துக்கெழம ரோஸ்லின் ஆண்ட்டி எடுக்குற ஞானஸ்நான கிளாஸு. ரந்தாவ்லேர்ந்து நான்தான் மோட்டர் சைக்கிள்ல கொண்டு போயி விடுவேன். நீ உள்ள, நான் வெளிய மரத்தடியில போன நோண்டிக்கிட்டு. அப்பாகிட்ட தையல் கிளாஸ்னு சொல்லி வச்சிட்ட. செம்பனத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில இருக்குற ஆளுகிட்ட வேற என்னதான் சொல்லுவ.

அவரு என்ன செஞ்சாரு? பழைய தையல் மிஷின் ஒண்ணத் தேடிப் புடிச்சி, எண்ணெய்க்குச் செம்பனக் கொல ஏத்திக்கிட்டு அவரு ஓட்டுற லோரியிலயே போட்டுக் கொண்டாந்தாரு. ஒனக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியாது. மூணு நாளு போராடி ஒரு தலகாணி ஒற தச்ச. கோணிக்கிட்டு இருந்துச்சு. "ஒரு வருசமா என்னாத்தடி படிச்ச?"ன்னு அவரு கேட்டப்ப, சிரிப்ப அடக்க முடியாம ரெண்டு பேரும் குசினிக்கு ஓடுனோமே.

இப்ப அந்தச் சிரிப்புதான்மா என் கழுத்தப் புடிக்கிது.

போன வருசம் ஆஸ்பித்திரியில நீ கடேசியா நல்லா பேசுன அன்னிக்கி, "ரோஸ்லின் ஆண்ட்டிக்கு ஒரு போன் போடுடா, பாதர கூட்டிட்டு வருவாங்க"ன்ன. பக்கத்துலயே அப்பா, உன் காலப் புடிச்சி விட்டுக்கிட்டு தூங்கி வழியிறாரு. "நாளைக்கிப் போடுறேன்மா"ன்னேன். மறுநாளு நீ இல்ல.

எழவு வீட்டுல உன் ஹென்போன் என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. ஆண்ட்டி பேரு வந்து வந்து மின்னுச்சு. மொத தடவ கட் பண்ணேன். ரெண்டாவது தடவயும் கட் பண்ணேன். அப்புறம் ஆஃப் பண்ணிட்டேன். பற அடிக்கிறாங்க, சொந்தக்காரங்க பூரா கூடி நிக்கிறாங்க, அப்பா நிக்க முடியாம சுவத்துல சாஞ்சிருக்காரு. அந்த நேரத்துல வேதக்கோயில்லேர்ந்து ஆளு வந்தா? ஒரே மவன்னு கொள்ளிக்கொடத்த என் தோள்ல வச்சாங்க. சுத்தி வந்தேன். சாம்பல போர்ட்டிக்சன் கடல்ல நான்தான் கரச்சேன். வாயே தொறக்கல.

ஒரு மாசம் கழிச்சி உன் பைபிள ரோஸ்லின் ஆண்ட்டிகிட்டத் திருப்பிக் குடுக்கத்தான் கிளாஸுக்குப் போனேன், சத்தியமா. அவங்க நீ உக்காருற நாக்காலியக் காட்டி, "நிக்காத, உக்காரு"ன்னாங்க. ஒக்காந்தேன். அவ்வளவுதான்மா நடந்தது. அடுத்த வாரம் "வந்திட்டியா"ன்னாங்க. அடுத்த செட்டு ஆரம்பிச்சப்ப லிஸ்டுல என் பேரு இருக்கு. பூசைக்கி வர்றவங்கல்லாம் என் தோளத் தட்டி, "அம்மா ஆசைய நெறவேத்துறான் பாரு"ங்குறாங்க. என்னைய நல்லவன்னு ஊர்ல சொல்ற ஒரே எடம் அது. அங்கேர்ந்து எப்படி எந்திரிச்சு வர்றது?

கிளாஸுல முரளின்னு ஒருத்தன், மெக்கானிக்கு. அவன் கட்டிக்கப் போற பொண்ணு வேதக்காரி. "நான் பொண்ணுக்காக வர்றேன், நேரா சொல்லிட்டேன். நீ யாருக்காகடா வர்ற?"ன்னான். "சாமிக்காக"ன்னேன். "ஆளப் பாரு லா, சாமியே நம்ப மாட்டாரு"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

டிசம்பர்ல கோயில் வாசல்ல நிக்க வச்சி பாதர் கேட்டாரு, திருச்சபகிட்ட என்ன கேக்குறேன்னு. விசுவாசம்னு சொல்லணும், சொன்னேன். ஆண்ட்டி என் நெத்தியில, காதுல, கண்ணுல, கையில, கால்லகூட குனிஞ்சி சிலுவ போட்டாங்க. உனக்கும் இப்படித்தான போட்டிருப்பாங்க? அன்னிக்கி நான் வெளிய மரத்தடியில இருந்தேன். நீ சிரிச்சிக்கிட்டே வந்து, "பசியாறிட்டு போலாம்டா"ன்ன. ஒண்ணுமே சொல்லல.

அதுலேர்ந்து பிரசங்கம் முடிஞ்சதும் எங்களோட செட்ட மட்டும் வெளிய அனுப்பிடுவாங்க. மீதிப் பூசைக்கி இன்னும் நேரம் வரலையாம். அந்த ரூமுலதான் ஒரு நாளு ஆண்ட்டி சொன்னாங்க: "வாசலத் தாண்டிட்டீங்கன்னா நீங்க எங்க ஆளு. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி செத்தாலும் நாங்கதான் அடக்கம் பண்ணுவோம்." என்னையப் பாத்து, "ஒங்கம்மாவையும் அப்படித்தான் அனுப்பியிருப்போம். எங்களுக்குத் தெரியலையே"ன்னாங்க.

எனக்கு அது வரைக்கும் தெரியாதும்மா. நீ இன்னும் வேதத்துல சேரல, அதனால போன கட் பண்ணது பெரிய தப்பு இல்லன்னு நெனச்சி மனச ஏமாத்திக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் உன் மொத வருசத் தெவசம். அப்பா படையல் போட்டாரு, உனக்குப் புடிச்ச நெத்திலி சம்பல் மொதக்கொண்டு. "நல்லா கும்புடுடா. ஒங்கம்மா மாரியாத்தாள என்னைக்கும் விட்டுக் குடுக்காதவ"ன்னாரு. நான் கும்புட்டேன். அவருகிட்ட ஒரு பொய்யி, மாதா கோயில்ல ஒரு பொய்யி. நீ எங்க இருந்துகிட்டு இதப் பாத்த?

போன ஞாயிறு தாங்க முடியல. ஆண்ட்டிகிட்ட சொல்லிட்டேன், எழவு வீட்டுல போன கட் பண்ணது நான்தான்னு.

"தெரியும்டா. ரிங்கு தானா நின்னா வேற மாதிரி. கட் பண்ணா தெரியாதா?"

"பெறகு ஏன் ஆண்ட்டி என்னைய உக்கார வச்சீங்க?"

"கோவத்துலதான். எப்ப வாயத் தொறப்பேன்னு பாத்தேன். இன்னும் கோவம் இருக்கு."

அப்புறம் கேட்டாங்க: "ஞாயித்துக்கெழம உன் பக்கத்துல நின்னு, இவன் தயாரா இருக்கான்னு நான்தான் சொல்லணும். ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான் சொல்ல மாட்டேன். ஒரு பொய்யி போதும், அதுல நானும் கூட்டு சேர முடியாது."

பாத்தியாம்மா? எழுதணும்னா அப்பாகிட்ட சொல்லணும். எழுத மாட்டேன்னு வந்துட்டா, அவரு சாவுற வரைக்கும் நீ தையலுக்குத்தான் போனேன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாரு. முப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசன், உன்னையத் தெரியாமலே. அது அவருக்கு நல்லதா? சொன்னா நொறுங்கிப் போயிருவாரே, அது நல்லதா?

எனக்கு விசுவாசம் இருக்கான்னு கேக்குறியா? தெரியலம்மா. செபம் சொல்றப்ப வாயி அசையும். ஒண்ணு ரெண்டு தடவ உள்ளயும் என்னமோ அசைஞ்சிச்சு. அது நீயா, சாமியா, பிரிச்சுப் பாக்கத் தெரியல.

ஒண்ணு மட்டும் முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கி அப்பாகிட்ட சொல்றேன். தையல்லேர்ந்து ஆரம்பிக்க மாட்டேன், ஆஸ்பித்திரியில நீ கேட்டதுலேர்ந்து ஆரம்பிப்பேன். அடிச்சா வாங்கிக்குவேன். அவருக்குச் சொன்ன பெறகுதான் இந்தக் கடுதாசிய யாருக்கும் காட்டுவேன். ஞாயித்துக்கெழம எழுதுவனா, தெரியாது. ஆனா உனக்குப் பதிலா எழுத மாட்டேன்மா, அது சத்தியம். எழுதுனா எனக்காக எழுதுறேன். எழுதலன்னா ஆண்ட்டி முகத்தப் பாத்து நானே சொல்லிட்டு வர்றேன், இந்தத் தடவ ஒளிய மாட்டேன்.

லோரி வந்திருச்சு. அப்பா கைகால் கழுவுறாரு. எழுதுறப்ப வாய்விட்டுப் பேசிட்டேன் போல. "யார்கிட்டடா பேசிக்கிட்டு இருக்க?"ன்னு கேக்குறாரு. நான் போணும்மா.

உன் மவன்,
தீனா