பச்சைக் கவுன்காரியின் இடுப்பு

ஜூன் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் உன் பத்திரிகையைப் பார்த்தால்தான் தெரிகிறது; நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய்.

உன் பத்திரிகையால் என் தையல் கடையில் நித்தம் ஒரு வழக்கு. நேற்று வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, போன மாத அட்டைப்படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டி, அதேபோல் தைத்து வாங்கிப்போன கவுனோடு திரும்பி வந்தாள். அதே பச்சைத் துணி, அதே வெட்டு, இழை பிசகாமல் தைத்திருந்தேன். "படத்துல இடுப்புகிட்ட ஒரு சுருக்கம்கூட இல்லையே. நீங்க கோணிப்பை மாதிரி தைச்சிருக்கீங்க" என்கிறாள். கவுன் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அதை நான் எப்படிச் சொல்ல? அந்த மாடல் பெண்ணுக்கு மூச்சு விடுகிற பழக்கம் உண்டா என்று விசாரித்து எழுது.

சிட்டுவின் அறைச் சுவர் முழுக்க நீ அனுப்பும் படங்கள்தான். கட்டிலுக்கு நேரே அந்தப் பச்சைக் கவுன்காரி. "எங்க சித்தி வேலை செய்யற பத்திரிகை" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம். பத்தாம் வகுப்பு வருவதற்குள் நன்றாக இளைத்துப் பார்க்க லட்சணமாகிவிட்டாள். சீருடையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பாய்; சொல்லிக்கொள்.

உன் அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

கோபிக்காதே. அட்டைப்படம் அச்சுக்குப் போகும் வாரத்தில் தலை சீவக்கூட நேரமிருப்பதில்லை. கண்ணாடி அறையில் நாங்கள் மூன்று பேர், மூன்று திரை. எங்கள் பத்திரிகை ஆசிரியை அம்மாள் பின்னால் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம்" என்பார். எதை என்று சொல்லமாட்டார். நமக்கே தெரிய வேண்டும்.

உன் வங்கிப் பெண்ணைப் பற்றிப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பச்சைக் கவுன்காரி மூச்சும் விடுவாள், பேச்சும் விடுவாள். மற்றதெல்லாம் தொழில் ரகசியம், அக்காவாகவே இருந்தாலும் சொல்ல முடியாது.

சிட்டு தனியாக எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். பள்ளியில் 'நான் வியக்கும் மனிதர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அவளுக்கும் பதில் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
சின்னு


ஆகஸ்ட் 28

சின்னு,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சிட்டு பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை எடை பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "சாப்பிடறாளா?" "சாப்பிடறா." "நீங்க பார்த்தீங்களா?" நான் கடையில் இருப்பேன். அவள் தட்டைக் கழுவி வைத்திருப்பாள். நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தேன். நான்கு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லையாம். பெற்ற எனக்குத் தெரியாது.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அவள் தலையணை உறைக்குள் உன் கடிதம் கிடைத்தது. "பச்சைக் கவுன் அக்கா மாதிரி இடுப்பு வர என்ன செய்யணும்னு கேட்டிருக்கே. பெரிய வித்தை ஒண்ணும் இல்லடா செல்லம். ராத்திரி சாப்பாட்டை மறந்துடணும், வாயைக் கட்டணும். எல்லாரும் அப்படித்தான்." அந்த வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாள்.

அந்தப் பெண் உண்மையிலேயே ராத்திரி சாப்பிடுவதில்லையா? உனக்குத் தெரியும். எழுது.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை.

அந்தப் பெண் சாப்பிடுவாள். படம் எடுத்த அன்று எங்களோடு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். அந்த இடுப்பு அவளுடையது இல்லை. பக்கத்துக்கு இரண்டு விரல் நான்தான் கணினியில் வெட்டினேன். சுருக்கத்தை நான் துடைத்தேன். கழுத்தை நீட்டினேன், நிறத்தைக் கூட்டினேன். ஆசிரியை அம்மாள் "இன்னும் கொஞ்சம்" என்றார், இன்னும் கொஞ்சம் வெட்டினேன். எட்டு வருடமாக என் வேலை இதுதான்.

சிட்டு கேட்டபோது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், 'அது பொய்டி' என்று. சொல்லவில்லை. ரகசியம் என்பதால் இல்லை. அவள் கட்டுரை எழுதிய சித்தி, பொய் செய்கிறவளாக அவளுக்குத் தெரியக்கூடாது. அதற்காக இன்னொரு பொய் சொன்னேன். விளையாட்டாக எழுதியதுபோல எனக்கே காட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. படித்தேன். மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, திரையில் இருந்த பெண்ணின் கையை மெலிய வைத்து முடித்தேன், மூன்று மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும் என்று. முடித்த பிறகுதான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். இந்த வரிசையை நினைத்தால் கூசுகிறது.

பச்சைக் கவுன்காரியின் படம் இரண்டையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நான் தொடுவதற்கு முன்பும் பின்பும். வெளியே கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். போகட்டும். சிட்டுவிடம் காட்டு. நான் வரட்டுமா?

சின்னு


செப்டம்பர் 20

சின்னு,

காட்டினேன். இரண்டையும் ஆஸ்பத்திரிப் போர்வை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சிரிப்பாள், இல்லை உன்மேல் கோபப்படுவாள், கண் திறந்துவிடும் என்று நினைத்தேன். மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நீ திருத்தாத படத்தைத் தொட்டு, "இவ்ளோ அழகா இருக்கா. இவளே அவங்களுக்குப் போதலையாம்மா?" என்றாள். "அப்ப நானெல்லாம்?"

இரண்டு படத்தையும் எடுத்து உறைக்குள் வைத்தேன். அன்று முழுவதும் அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

நீ வராதே. இப்போதைக்கு அவளுக்கு எழுதவும் எழுதாதே.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அந்தச் சீருடையை நான் ஒருமுறை இல்லை, மூன்று முறை பிடித்துத் தைத்தேன். ஒவ்வொரு முறையும் அரை அங்குலம், முக்கால் அங்குலம். நாள் முழுக்க ஊரார் உடம்பை அளக்கிறவள் நான். என் மகள் உடம்பு கரைவதை என் கையாலேயே அளந்து, சந்தோஷப்பட்டு, "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கே" என்று கன்னத்தைக் கிள்ளினேன். டாக்டரம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

பதில் கேட்டு எழுதவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும், சொல்ல உன்னைவிட்டால் ஆளில்லை.

இனி இடுப்பைத் தொடமாட்டேன் என்று ஆசிரியை அம்மாளிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "உடம்பு சரியில்லையா? நாலு நாள் லீவு போட்டுக்கோ" என்றார், கனிவாகத்தான். போட்டேன். ஐந்தாம் நாள் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று ஒரு தாடையும் இரண்டு தோளும் திருத்தினேன். இடுப்பைப் பக்கத்துத் திரையில் வேலை செய்யும் பெண்ணிடம் தள்ளிவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

வேறு வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

சின்னு


டிசம்பர் 12

அன்புள்ள சின்னுவுக்கு,

சிட்டு மருத்துவமனையிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. மதியம் சாப்பிடுகிறாள், நான் எதிரே உட்கார்ந்தால். சில நாள் முழுதும், சில நாள் பாதி. நேற்று பாதித் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ சிறை அதிகாரி. சுவரில் இருக்கிற படங்களைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். வாரம் ஒருமுறை மனநல மருத்துவரிடம் போகிறோம். அவர் அவசரப்படாதீர்கள் என்கிறார்.

உன்னைக் கேட்டாள். "சித்தி என்மேல கோபமா? ஏன் எழுதறதே இல்ல?" என்றாள். நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். "வரச் சொல்லும்மா" என்றாள். ஆகவே வா.

மருத்துவர் சொன்ன ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வந்ததும் 'இளைச்சுட்டியே' என்று சொல்லக்கூடாது. 'தேறிட்டியே' என்றும் சொல்லக்கூடாது. உடம்பு, முகம், நிறம், உடுப்பு, எதையுமே பேசக்கூடாது. வேறு எதையாவது பேசவேண்டும்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், பிறந்ததிலிருந்து நாம் இரண்டு பேரும் அவளிடம் வேறு என்ன பேசியிருக்கிறோம் என்று. இறங்கும் இடம் வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பேச ஏதாவது யோசித்துக்கொண்டு வா. நானும் யோசிக்கிறேன்.

உன் அக்கா