அப்பா, உங்கள் பெயரை நான் கொடுக்கவில்லை

என் அன்பு அப்பாவுக்கு,

இறந்துபோன நீங்கள் இனி எங்கும் இல்லை என்று தெளிந்துவிட்ட மனசோடு உங்களுக்கே கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேடிக்கைதான். ஆனால் பிழைக்க வந்த இந்த ஊரில் நல்லதோ கெட்டதோ முதலில் உங்களிடம் சொல்லித்தான் பழக்கம். இதை மட்டும் சொல்லாமல் விட்டால் தொண்டையில் முள் நிற்பது போல இருக்கும்.

செய்தி இதுதான். நான் மார்மன் சபையை விட்டு வந்துவிட்டேன். வேறு சபையில் சேரவில்லை. நம் ஊர் மாதா கோவிலுக்கும் திரும்பவில்லை. கடவுள் நம்பிக்கையே என்னிடம் இல்லை அப்பா. பதறாதீர்கள், நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனையோ வருஷமாகிறது.

இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் என்றால் "நான் என்னட்டி செஞ்சேன்?" என்று கேட்பீர்கள். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் குணம் செய்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாதில்லையா? அவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர் என் அப்பா. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து கூப்பிட்டாலும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். முழங்கால் வலிக்குக் கை வைத்து ஜெபிக்க வேண்டுமா, காலை நீட்டிக் கொடுப்பார். அவர்கள் தெரு திரும்பியதும் சட்டையை மாட்டிக்கொண்டு மாலைப் பூசைக்குப் போய்விடுவார். காயல்பட்டினத்து மொய்தீன் மாமா சொன்னாரென்று ரமலானில் ஒருநாள் நோன்பும் பிடித்திருக்கிறார்.

கேட்டால், "வந்த மனுசன் மொகம் வாடிப் போவக் கூடாதுட்டி" என்பீர்கள். 'மாட்டேன்' என்கிற சொல்லை நீங்கள் அந்தோணியாருக்குக் காணிக்கையாகப் போட்டுவிட்டீர்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் சபையில் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். ஷார்ஜா வந்த முதல் வருஷம், ஒரு அறையில் கட்டில் கட்டிலாகப் பலபேர் தங்கியிருந்தோம். எனக்கு அம்மை போட்டது. கூட இருந்தவர்கள் பயந்து வேறு அறைக்குப் போய்விட்டார்கள். என்னோடு கிளினிக்கில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் மரிசெல் மட்டும் தினமும் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவாள். உடம்பு தேறியதும், ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு சபைக்கு வருகிறாயா என்று கேட்டாள். அப்போது இங்கே வெள்ளிதான் விடுமுறை, அதனால் எங்கள் ஞாயிறும் வெள்ளியில்தான் வந்தது. "வெள்ளிக்கிழமை பூசையா? தொழுகைக்கில்லா போவாவ" என்று போனில் சிரித்தீர்கள்.

நல்ல மனிதர்கள் அப்பா அவர்கள். வீடு மாறினால் சாமான் தூக்க வருவார்கள், வேலை போனவன் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். நான் ஞானஸ்நானம் வாங்கினேன். அங்கே கூடாது என்பதால் டீயை விட்டேன், காப்பியை விட்டேன். நம்பவும் செய்தேன், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். சவூதியில் ஜுபைலில் வேலை பார்க்கும் உங்கள் மருமகன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. லீவில் வருவதே நாலு நாள், அதில் ஒருநாளைச் சபைக்குக் கொடுக்க முடியாது என்றார்.

பிறகு நீங்கள் விசிட் விசாவில் வந்தீர்கள். நீங்கள் சபைக்கு வந்த அன்று, யார் வேண்டுமானாலும் எழுந்து தன் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்லும் நாள். மரிசெல் உங்களைப் பார்த்துப் புன்னகைத்து, மேடையைக் கையால் காட்டினாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒலிபெருக்கி முன்னால் நின்று, "எம்மவள நல்லா பாத்துக்கிட்டீய. ஒங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்" என்று சொன்னீர்கள். நான் மொழிபெயர்த்தேன். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றி சொல்ல எழுந்தவரை விசுவாசம் சொல்ல எழுந்தவராக எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நீங்கள் என் காதில், "நல்ல சனங்க. ஆனா நற்கருணைக்கு திராட்ச ரசத்துக்குப் பதிலா பச்சத் தண்ணியக் குடுக்காவளே, பாவம்" என்றீர்கள்.

போன வருஷம் நீங்கள் போனீர்கள். எமர்ஜென்சி லீவில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன். உங்கள் அடக்கத்தில் ஒரு கூத்து நடந்தது, உங்களுக்குத் தெரியாது. பங்குச் சாமியார் உங்களைப் போன்ற கத்தோலிக்கன் இல்லை என்றார். பெந்தெகொஸ்தே பாஸ்டர், அண்ணன் உள்ளுக்குள் எங்கள் ஆள் என்று என் தம்பியிடம் சொன்னார். மொய்தீன் மாமா, அவன் பிடித்த நோன்பு போல நான் பிடித்ததில்லை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாருக்கும் நீங்கள் சொந்தம்.

எங்கள் சபைக்கும்தான். நான் திரும்பி வந்ததும் மரிசெல் கட்டிக்கொண்டு, அழாதே, அவரைத் திரும்பப் பார்ப்பாய் என்றாள். அதனால் நான் அழவில்லை. அப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாள். எங்கள் சபையில் இறந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு. உயிரோடிருக்கும் ஒருவர் அவர்களுக்குப் பதிலாக, அவர்கள் பெயரைச் சொல்லி ஆலயத்துத் தண்ணீர்த் தொட்டியில் முங்கி எழுவார். அதுவரை ஞானஸ்நானம் இல்லாத ஆன்மாக்கள் ஓர் இடத்தில் காத்திருக்கும். அதற்கு ஆவிகளின் சிறை என்று பெயர். தண்டனை இல்லை, காத்திருக்கும் இடம்தான் என்று விளக்குவார்கள். நம் கோவிலில் வாங்கியது அந்தக் கணக்கில் சேராது.

சபையில் ஒரு கூட்டமாக வேறு நாட்டிலுள்ள ஆலயத்துக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. ஆணுக்காக ஆண்தான் முங்க வேண்டும், உங்களுக்காக மரிசெல்லின் கணவர் முங்குவதாகச் சொல்லிவிட்டார். நான் உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும், அம்மா சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

சிறை என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது அப்பா. கிளினிக்கில் ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நான் தாமதிப்பதால் நீங்கள் எங்கோ ஒரு வராந்தாவில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா முழுசாகக் கேட்டாள். "ஏட்டி, அவுக பொறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் வாங்குனவுக. பொறவு ஆயுசுபூரா உப்புத் தண்ணியிலதான் கெடந்தாவ. இன்னும் எத்தன தடவ முக்குவீய?"

கட்டாயம் ஒன்றும் இல்லை அம்மா, மறுவுலகத்தில் அவரிடம் கேட்பார்கள், இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்று விளக்கினேன். எங்கள் சபையில் அப்படித்தான் சொல்வார்கள்.

அதற்கு அம்மா சொன்னாள்: "அவுகளா? அவுகளுக்கு எப்பட்டி வேண்டாம்னு சொல்லத் தெரியும்? உசுரோட இருக்கையில ஒருநாளு சும்மா இருக்க விட்டியளா? செத்தபொறவாவது அவுகள விடுங்கட்டி."

போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட யாரோ வந்து உங்களிடம் கேட்கிறார். நீங்கள் முதலில் அவருக்கு உட்கார நாற்காலி தேடுகிறீர்கள். அப்புறம் சரி தம்பி, சரி தம்பி என்று தலையாட்டுகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போனபின் முதல் சிரிப்பு அது.

சிரித்து முடிந்ததும்தான் என்னைப் பற்றிய நினைப்பு வந்தது. கஞ்சி கொடுத்த கை ஒன்று என்னையும் கேட்டது. நான் மட்டும் என்ன செய்தேன்? தாயைப் போல பிள்ளை என்பார்கள், நான் அம்மாவைப் போல இருந்திருந்தால் அப்போதே தப்பித்திருப்பேன். நான் உங்கள் மகள். முதலில் தலையாட்டினேன், நம்பிக்கை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் அந்தச் சிறை போயிற்று. உங்களைப் போன்ற ஒருவரை வராந்தாவில் காக்க வைக்கும் கடவுளை என்னால் ஏற்க முடியவில்லை. அவரைத் திருத்திப் பார்த்தேன். இன்னும் நல்லவராக, இன்னும் பொறுமையானவராக. திருத்தத் திருத்தக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருநாள் முழங்காலிட்டபோது நான் யாரிடமும் பேசவில்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எழுந்துபோய்த் தோசை சுட்டேன்.

பயந்தது மரிசெல்லுக்காகத்தான். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு அவள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், உன் அப்பாவைத் திரும்பப் பார்க்க உனக்கு ஆசை இல்லையா என்று.

"ஆசை இருக்கு மரிசெல். நம்பிக்கைதான் இல்ல. அவர் பேர நான் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன் அப்பா. நம் வீட்டில் உங்கள் வழியில் வந்த ஒருத்தி வாயிலிருந்து 'மாட்டேன்' வந்துவிட்டது. மரிசெல் அழுதாள், டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். சில வாரங்கள் வேறு மேசையில் சாப்பிட்டாள். சபைப் பொறுப்பாளரிடமும் போய்ச் சொன்னேன். யாராவது மனசைப் புண்படுத்தினார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன், அது நிஜம். கை கொடுத்து அனுப்பினார்.

அழுகை வந்தது அதற்கப்புறம்தான். தொழில்பேட்டை கேரேஜிலிருந்து ஒரு பெரியவர் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தார், பெஷாவர்க்காரர். நகக்கண்ணெல்லாம் ஆயில் கறுப்பு. அந்தக் கையைப் பிடித்து நரம்பு தேடும்போது, இனி உங்களைப் பார்க்கவே மாட்டேன் என்பது எனக்கு உறைத்தது. திரும்பப் பார்ப்பாய், பார்ப்பாய் என்று சொல்லிச் சொல்லி என்னை அழவிடாமல் வைத்திருந்தார்கள். விக்கி விக்கி அழுதேன். அந்த மனிதர் பதறிப்போய், எனக்கு வலிக்கவே இல்லை சிஸ்டர், நீங்கள் குத்துங்கள் என்று இந்தியில் சமாதானம் சொன்னார். நான் அப்போது ஊசியே குத்தியிருக்கவில்லை.

அழுது முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. நீங்கள் எங்கும் அடைபட்டிருக்கவில்லை. எனக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் வாழ்ந்தீர்கள், நன்றாக வாழ்ந்தீர்கள், முடிந்தது. எனக்கு அது போதும் அப்பா. உங்களுக்கும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றபடி எல்லாரும் சௌக்கியம். மரிசெல் ஒருநாள் தானாகவே என் மேசைக்கு வந்து, நம் சிநேகமும் கலாஸா, முடிந்ததா என்று கேட்டாள். 'மாஃபி கலாஸ்' என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில். முடிந்துவிடவில்லை என்று அர்த்தம். எனக்காக அவள் இன்னும் ஜெபிக்கிறாள், செய்யட்டும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், உங்கள் வருஷப் பூசைக்கு வந்து பக்கத்தில் உட்காருவேன், ஆனால் நம்பிக்கை இல்லை என்று. "நீ வந்து உக்காரு, போதும். செபத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

நேற்று நம் ஊர் பெந்தெகொஸ்தே பாஸ்டர் போனில் கூப்பிட்டார். வருஷ நினைவு நாளில் நம் வீட்டு முற்றத்தில் பெரிய ஜெபக்கூட்டம் போட வேண்டுமாம். அண்ணன் கடைசிக் காலத்தில் எங்களோடு சேர முடிவெடுத்திருந்தார் என்று அதில் சொல்ல வேண்டுமாம். அம்மாவிடம் கேட்டிருக்கிறார், அவள் மூத்தவளைக் கேளுங்கள் என்று என் எண்ணைக் கொடுத்துவிட்டாள். நான் சொன்னேன்: "ஐயா, அப்பாவுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம். அன்னைக்குக் கட்டாயம் வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்க. கூட்டம் மட்டும் வேண்டாம்."

சரிம்மா, சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றார். குரலில் வருத்தம் துளி இல்லை. மாட்டேன் என்று சொன்னால் எந்த முகமும் வாடியே இருந்துவிடுவதில்லை அப்பா. இவ்வளவு சுலபம் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

இனி யார் வந்து உங்களைக் கேட்டாலும், எந்தச் சபை கேட்டாலும், பதில் சொல்வது என் பொறுப்பு. இது என் சத்தியம். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாற்காலி தேட வேண்டாம். சும்மா இருங்கள் அப்பா.

உங்களைப் போலவே பிறந்து, இப்போது கொஞ்சம் அம்மாவைப் போலவும் ஆகிவிட்ட
உங்கள் மூத்த மகள்,
ஜெசிந்தா
ஷார்ஜா