வாசலில் நிற்கும் சர்வர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் கம்பெனியின் பன்னிரண்டு கணினிகளுக்கும் வாசல் காவலாக ஒரு சர்வர் கணினி வைத்தேன் என்றேனே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டு, அதில் ஒரு சின்னக் கலாட்டா. பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் டெண்டர் விலைகள் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சும்மா குடுக்கிறவன் சும்மாவா குடுப்பான்? அதுதான் திருடுது. கொண்டுவந்தது நீ" என்றார்.

எந்தக் கணினியிலிருந்து எப்போது என்ன வெளியே போகிறது என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியின் அறைக் கணினியிலிருந்தே அந்த விலைகள் போயிருந்தன. அந்நேரம் அங்கே உட்காருவது அவர் மச்சினன் மட்டும்தான். முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை நீயே எழுதியிருக்கலாமே" என்றார்.

"இதுல ஒளிவுமறைவு இல்ல சார். உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். வந்தவர் இரண்டு நாள் குடைந்துவிட்டு, மென்பொருளிலும் பதிவுகளிலும் யாரும் கைவைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மச்சினன் இப்போது வருவதில்லை.

என் வேலை தப்பித்தது. ஆனால் சர்வர் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் என்று தெரிந்ததிலிருந்து, நான் அந்தப் பக்கம் போனாலே திரைகள் அணைகின்றன. சாப்பாட்டு மேசையிலும் பேச்சு நின்றுவிடுகிறது. 'வேவுக்காரி' என்று பெயராம் எனக்கு.

இங்கே வருபவர் யாரிடமாவது சின்ன டிபன் பாக்ஸ் ஒன்று கொடுத்தனுப்புங்கள். நாலடுக்கு எனக்கு ஒருத்திக்கு இப்போது பெரிது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன் அப்பா.